அமிர்தநாதர் வீட்டு மௌனம்

மக்டலீன் தன் மகளுக்கு ஒருநாளும் அடித்ததில்லை. ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேலில் அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் தமிழ்ப் பெண்கள் சந்தித்துக்கொள்ளும்போது இந்தப் பேச்சு அடிக்கடி வரும். யாரோ ஒருவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் தழும்பைக் காட்டியிருக்கும். மறுநாள் வீட்டுக்குச் சிறுவர் நலன் அதிகாரிகள் வந்திருப்பார்கள். மற்றப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மக்டலீன் மட்டும் உடுப்பை மடித்தபடி, "எனக்கு உந்தப் பயம் இல்லை. நான் பிள்ளைக்குக் கை நீட்டினதே இல்லை," என்பாள்.

அது உண்மைதான். கோபம் வந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள்.

நிறுத்துவது என்றால் முழுதாக நிறுத்துவது. சமைப்பாள், மகளின் தட்டில் சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், உடுப்பை மினுக்கிக் கதிரையில் தொங்கவிடுவாள், காய்ச்சல் என்றால் மருந்துக் கரண்டியை வாய்க்கு நேரே நீட்டுவாள். ஒரு சொல் மட்டும் வராது. பார்வையும் வராது. சொல்லியே ஆகவேண்டியது ஏதும் இருந்தால் மூன்றாவது ஆளிடம் சொல்வாள். "அவளைக் குளிக்கச் சொல்லுங்கோ." அவள் என்று சொல்லப்பட்டவள் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள்.

றஜிதா ஒரே பிள்ளை. அவளுடைய குற்றங்கள் பெரியவை அல்ல. இருபது நிமிடம் பிந்தி வருவாள், உதட்டுச் சாயம் ஒன்றை ஒளித்து வைத்திருப்பாள். பன்னிரண்டு வயதில் ஒரு பிறந்தநாள் விருந்தில் எல்லோருக்கும் முன்னால், "அம்மாவுக்கு இங்கிலிஷ் விளங்காது," என்றாள். அந்த முறை தகப்பன் அருள்நாயகம் நாள்களை எண்ணிப் பார்த்தார். இருபத்துமூன்று. அவர் ஒஷாவாவில் கார் இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான்கு பேரோடு ஒரே காரில் விடிய ஐந்து மணிக்குப் போய்விடுவார். சண்டைக்குப் போகாத மனிதர். "விடுமன், சின்னப் பிள்ளைதானே," என்று இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்படிச் சொன்னால் அவருக்கும் பேச்சு நின்றது. பிறகு அவர் சொல்வதில்லை.

முடிவதும் ஒரு முறையாகத்தான் முடியும். ஒருநாள் குசினியில் இருந்து, "றஜி, அந்த மூடியை எடு," என்று குரல் வரும். அவ்வளவுதான். இடைப்பட்ட நாள்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மக்டலீனுக்கு இது புதிய வழக்கம் அல்ல. அவள் அதற்குள்ளேதான் வளர்ந்தாள்.

அவளுடைய தகப்பன் அமிர்தநாதர் மன்னாரில் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மெலிந்த, சுத்தமான மனிதர். குடிப்பதில்லை, கத்துவதில்லை, பிள்ளைகளுக்கு அடிப்பதில்லை. கோவிலில் அவரை உதாரணமாகக் காட்டுவார்கள். இரண்டு பிள்ளைகளில் மூத்தவனான றெமிஜியஸைக் குருவாக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பொடியனும் மறுப்புச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துக் குருமடத்துக்குப் போனான். 1974ஆம் ஆண்டு, இருபது வயதில், ஒரு பிற்பகல் பஸ்ஸில் றங்குப்பெட்டியோடு வந்து இறங்கினான். தனக்கு அந்த அழைப்பு இல்லை என்று தகப்பனிடம் சொன்னான். அமிர்தநாதர் அதைக் கேட்டு முடித்தார். எழும்பி உள்ளே போனார். அதற்குப் பிறகு மகனோடு பேசவில்லை.

இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அப்போது மக்டலீனுக்குப் பதினைந்து வயது. இருவருக்கும் நடுவில் சொல் கொண்டுபோகிற வேலை அவளுடையதாயிற்று. "அப்பாவிட்டைக் கேள், சைக்கிளை எடுக்கட்டோ எண்டு." "அவனைக் கிணத்தடி வாளியை உள்ளுக்கு எடுத்து வைக்கச் சொல்லு." யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் முன்னாலேயே, அவரை விட்டு அவளிடம் சொல்வார்கள். அவள் அதைத் திருப்பிச் சொல்வாள். கலியாணம் செய்து போகும்வரை ஐந்து வருடம் அதைச் செய்தாள். பிறகு தாய் செய்தாள்.

1985 தை மாதம் றெமிஜியஸ் படகில் இராமேஸ்வரத்துக்குப் போகப் புறப்பட்டான். இராணுவத்துக்குப் பயந்து ஊரில் இளம் ஆண்கள் இருக்கமுடியாத காலம். போவதற்கு முன்னால் தகப்பனின் கதிரைக்கு எதிரே போய் நின்று, "அப்பா, நான் போட்டு வாறன்," என்றான். அமிர்தநாதர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். படகு அக்கரையில் சேரவில்லை. அதில் போன ஒன்பது பேரில் ஒருவரும் கிடைக்கவில்லை.

இதைத் தாய் மக்டலீனுக்குச் சொன்னாள். மக்டலீன் தகப்பனிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவளும் அருள்நாயகமும் ஐந்து வயதுப் பிள்ளையோடு ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து ரொறொன்ரோவுக்கு வந்தார்கள். தாய் 1990இல் மடு மாதா கோவிலில் அகதியாக இருந்தபோது இறந்தாள். தனியே நின்ற தகப்பனை 1994இல் மக்டலீன் கனடாவுக்குக் கூப்பிட்டாள். மகள் என்ற முறையில் அது அவளுடைய கடமை. விமான நிலையத்தில் அவரைக் கண்டதும் அழுதாள். ஆனால் றெமிஜியஸின் பெயரை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

எழுபது வயதில் வந்த அமிர்தநாதர் மகள் வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லாத ஆளாக இருந்தார். தன் கோப்பையைத் தானே கழுவினார். வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் இலவசப் பத்திரிகைகளை எடுத்துவந்து பிறப்பு இறப்பு விளம்பரம்வரை வாசித்தார். மக்டலீன் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் பெரிய சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்தாள். குளிர் அறையில் தலையில் வலை போட்டுக்கொண்டு, நகர்ந்து வரும் தட்டுகளில் பாண் துண்டும் பட்டரும் வைக்கும் வேலை. வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போது றஜிதாவும் அமிர்தநாதரும் மட்டும் இருப்பார்கள். அருள்நாயகம் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகும்.

அதனால் 1995 ஒக்டோபரில் மக்டலீன் மறுபடியும் பேச்சை நிறுத்தியபோது, இடையில் நிற்கும் ஆள் அமிர்தநாதர் ஆனார்.

அந்த முறை குற்றம் நயாகரா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். மக்டலீன் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றாள். றஜிதா தாயின் கையெழுத்தைத் தானே வைத்துக்கொண்டு போய்வந்தாள். ஒரு வாரம் கழித்து, தோய்க்கப் போட்ட ஜீன்ஸின் பையில் ஒரு படம் அகப்பட்டது. நீல நிற மழைக்கோட்டுப் போட்ட ஐந்து பெண் பிள்ளைகள், நடுவில் றஜிதா, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. மக்டலீன் அதைச் சாப்பாட்டு மேசையில் மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று ஒக்டோபர் ஆறாம் திகதி.

"அப்பா, அவளைச் சாப்பிடச் சொல்லுங்கோ."

அமிர்தநாதர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பேத்தியைப் பார்த்து, "பிள்ளை, சாப்பிடட்டாம்," என்றார்.

ஒவ்வொரு நாளும் அப்படி நடந்தது. அவர் சொல்வார், பிறகு தன் அறைக்குப் போய்விடுவார். இரண்டாவது வாரத்தில் அவர் சாப்பாட்டைக் குறைத்திருந்தார். மக்டலீன் அது குளிர் தொடங்கியதால் என்று நினைத்தாள்.

றஜிதா இந்த முறை வேறுமாதிரி நடந்துகொண்டாள். முன்பெல்லாம் அழுவாள், மன்னிப்புக் கேட்டுத் துண்டு எழுதித் தலையணைக்கடியில் வைப்பாள். இப்போது தானும் பேச்சை நிறுத்தினாள். வீட்டில் மட்டும் அல்ல. புதிய உயர்நிலைப் பள்ளியில் அவளைத் தெரிந்த ஆசிரியர்கள் குறைவு. புவியியல் ஆசிரியர் கேள்வி கேட்டபோது அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவை அப்படி நடந்தது. பெயரைப் பார்த்த அவர், பிள்ளை இப்போதுதான் நாட்டுக்கு வந்திருக்கிறது என்று முடிவுசெய்து, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். ஐந்து வயதில் வந்து, ஆங்கிலத்திலேயே கனவு காணும் பிள்ளை, சோமாலியாவில் இருந்து அந்தக் கோடையில் வந்த பிள்ளைகளோடு நாலு நாள் இருந்து, 'இது கதிரை, அது ஜன்னல்' என்று எழுதியது. இது பிழை என்று ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை.

ஐந்தாவது நாள் அந்த வகுப்பு ஆசிரியை 'என் வீடு' என்று ஐந்து வசனம் எழுதச் சொன்னாள். றஜிதா இரண்டு பக்கம் எழுதினாள். ஆசிரியை அதை வாசித்துவிட்டு நேரே ஆலோசகரின் அறைக்குப் போனாள்.

பெற்றோரை வரச் சொன்னார்கள். அருள்நாயகத்துக்கு வேலையில் விட மாட்டார்கள்; மக்டலீன் மட்டும் ஒக்டோபர் இருபத்துநான்காம் திகதி பிற்பகல் போனாள். மொழிபெயர்க்க அன்ரனெற் என்ற பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும், ஊரில் ரீச்சராக இருந்தவள், கனடாவில் இந்த வேலையைச் செய்துவந்தாள். றஜிதா மூலையில் ஒரு கதிரையில் இருந்தாள்.

ஆலோசகர் மெதுவாகப் பேசும் வெள்ளைக்காரப் பெண். முதல் கேள்வியாக, பிள்ளை வீட்டில் எப்போதிருந்து பேசாமல் இருக்கிறாள் என்று கேட்டாள்.

மக்டலீன் கைப்பையின் பிடியைப் பார்த்தாள். "நான்தான் அவளோடை கதைக்கிறேல்லை," என்றாள்.

அன்ரனெற் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. "எத்தினை நாளா?" என்று தமிழில் கேட்டாள்.

"பத்தொன்பது."

அன்ரனெற் ஆலோசகரிடம் சொன்னாள். ஆலோசகர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. றஜிதா எழுதிய தாளை எடுத்து ஒரு பகுதியைக் காட்டினாள். அன்ரனெற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் வாசித்தாள்: "போன வியாழக்கிழமை நான் ஒரு கண்ணாடிக் கிளாசை வேணுமெண்டு நிலத்தில் போட்டு உடைத்தேன். அம்மா வந்து கூட்டி அள்ளினா. துண்டு என் காலில் குத்தாமல் இருக்க எனக்குச் செருப்பும் கொண்டுவந்து வைத்தா. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததாக எதை உடைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

மக்டலீனுக்கு அந்தக் கிளாஸ் ஞாபகம் இருந்தது. கை தவறி விழுந்தது என்று நினைத்திருந்தாள்.

ஆலோசகர் இன்னும் சில கேள்விகள் கேட்டாள். அவற்றில் ஒன்று, குடும்பத்தில் வேறு யாரும் இப்படிப் பேசாமல் இருப்பது உண்டா என்பது.

"இல்லை," என்றாள் மக்டலீன்.

பள்ளிக்கூடத்தில் இருந்து வீடு பதினைந்து நிமிட நடை. மழை பெய்துகொண்டிருந்தது. மக்டலீன் முன்னாலும் றஜிதா பின்னாலும் நடந்தார்கள். மகளுக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது; ஆனால் குடைக்குள் வா என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் தன் குடையையும் மடக்கிக்கொண்டாள். இருவரும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அமிர்தநாதர் சாப்பாட்டு மேசையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மக்டலீன் கோட்டைக் கழற்றியபடி பழக்கத்தில் சொன்னாள்: "அப்பா, அவளைச் சப்பாத்தை வாசலிலை கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ."

அவர் தலையை நிமிர்த்தினார். "நான் சொல்லமாட்டன், பிள்ளை. நீயே சொல்லு."

"என்ன?"

"நீயே சொல்லு. எனக்கு ஏலாது."

மக்டலீன் கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். அதன் நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்களோ எனக்கு இதைச் சொல்லுறது?" என்றாள். அவள் குரல் உயர்ந்தது. தகப்பனிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "பதினைஞ்சு வயசிலை இருந்து உங்களுக்கும் அண்ணைக்கும் இடையிலை நாய் மாதிரி ஓடித் திரிஞ்சனான். கேள், சொல்லு, கேள், சொல்லு. ஒரு மேசையிலை இருந்துகொண்டு! பதினொரு வருசம். அவன் போறன் எண்டு வந்து நிண்டான். உங்கடை வாய்க்கு என்ன நடந்தது அப்பா?"

அமிர்தநாதர் பத்திரிகையை மடித்தார். "நான் அவனுக்கு அடிக்கேல்லை," என்றார்.

"அடிச்சிருக்கலாம்! அடிச்சுப்போட்டு மறுநாள் கதைச்சிருக்கலாம்!"

"உனக்கு அடி தெரியாது," என்றார் அவர். "நான் அடிக்காதபடியாத்தான் உனக்கு அது தெரியாது."

பிறகு சொன்னார். மேசையைப் பார்த்துக்கொண்டு, தபாற் கந்தோரில் தந்தி வாசிப்பதுபோல் சொன்னார். அவருடைய தகப்பன் சம்மாட்டி. மூன்று வள்ளங்கள் வைத்திருந்தவர். கோபம் வந்தால் காய்ந்த திருக்கை மீன் வாலால் அடிப்பார். கூலிக்காரருக்கும் அதுதான், பிள்ளைகளுக்கும் அதுதான். அமிர்தநாதருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, வலையில் ஒரு பக்கம் கிழிந்ததற்காக அவரைக் கடற்கரை வாடிக் கொட்டிலுக்குள் வைத்து அடித்தார். தாய் இடையில் புகுந்தாள். வால் தாயின் முகத்தில் பட்டது. இடது கண் போயிற்று.

"எங்கடை அம்மாவுக்கு ஒரு கண் ஏன் இல்லை எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார். "அண்டைக்கு மாதாவுக்கு நேர்ந்தனான், என்ரை உயிர் உள்ளமட்டும் கை நீட்டமாட்டன் எண்டு. கோவம் வந்தா வாயை மூடிப்போடுவன். வாய் திறந்தாக் கை வரும் எண்டு பயம். அவர் அப்பிடித்தான், முதல் கத்துவார், பிறகு எடுப்பார். நான் முதலையே மூடினன்."

மக்டலீன் கதிரையில் இருந்தாள். தன் தகப்பன் வழிப் பாட்டியை அவள் கண்டது குறைவு. வெள்ளையாகப் போன ஒரு கண் ஞாபகம் இருந்தது. வயதானவர்களுக்கு அப்படி வரும் என்று நினைத்திருந்தாள்.

"சரி," என்றாள். "பதினொரு வருசமும் கோவமோ?"

"இல்லை. முதல் ஒரு மாசம் கோவம். பிறகு கோவம் இல்லை. எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. நாள் போகப் போகக் கஷ்டம். இண்டைக்குக் கதைச்சா, நேற்று ஏன் கதைக்கேல்லை எண்டு வரும்."

"அவன் போட்டு வாறன் எண்டு சொன்னது கேட்டதோ?"

"கேட்டது." அமிர்தநாதர் மடித்த பத்திரிகையை இன்னொரு தடவை மடித்தார். "அங்கை போனாக் காயிதம் போடுவான் எண்டு நினைச்சன். பதிலுக்கு நான் எழுதலாம். எழுத்திலை தொடங்கிறது சுகம் எண்டு யோசிச்சன்."

மக்டலீன் அழவில்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள் என்று பிற்காலத்தில் அன்ரனெற்றிடம் சொன்னாள். நயாகராப் படம் தந்த கோபம் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தீர்ந்துபோய்விட்டது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. மிச்சம் இருந்த இரண்டு வாரமும் அவளும் தொடங்கத் தெரியாமல்தான் இருந்தாள். கிளாஸ் உடைந்த அன்று செருப்பைக் கொண்டுவந்து வைத்ததும் அப்படித்தான்.

எழும்பி வாசல் பக்கம் போனாள். றஜிதா அங்கேயே, கதவில் சாய்ந்தபடி, சப்பாத்துப் போட்ட காலோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"றஜி," என்றாள் மக்டலீன். "சப்பாத்து ஈரம். கழட்டு."

"ஓகே," என்றாள் றஜிதா.

அன்று அருள்நாயகம் வேலையால் வந்தபோது மூன்று பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கு வித்தியாசமாக இருந்தது. ஆனால் அவர் காரணம் கேட்கும் ஆள் அல்ல.

அடுத்து நடந்தவை ஒழுங்காக நடக்கவில்லை.

நவம்பர் மாதம் மரித்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும் மாதம். தமிழ்ப் பூசை நடக்கும் கோவிலில் ஒரு தாள் தந்தார்கள், இறந்த உறவினர் பெயர்களை எழுதிக்கொடுக்க. அமிர்தநாதர் மனைவியின் பெயரையே எழுதி வந்தவர். அந்த வருடம் தாளை றஜிதாவிடம் கொடுத்து, "இன்னொரு பேர் எழுது," என்றார். "றெமிஜியஸ்." அவள் எழுத்துக்கூட்டிக் கேட்டாள், அவர் சொன்னார். மாமனின் பெயரைக்கூடப் பேத்தி அன்றுதான் கேட்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "அவனோடை நான் கதைக்காமல் விட்டனான்," என்றார். "பிழை." றஜிதா தாளைப் பார்த்தாள். "திகதி வேணுமாம் அம்மப்பா," என்றாள். அவருக்குத் திகதி தெரியாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள்.

அன்ரனெற் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு சமூக நிலையத்தில் தாய்மாரைக் கூட்டிவைத்துக் கதைப்பாள். மக்டலீன் ஆறு கிழமை போனாள். மற்றவர்கள் அடிப்பதைப் பற்றிக் கதைத்தார்கள், அவள் தன்னுடையதைச் சொன்னபோது ஒருத்தி, "அது நல்லதுதானே?" என்றாள். அன்ரனெற் அவளுக்குப் பெரிய விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. "கோவம் வரட்டும். வந்தா, எனக்கு இப்பக் கோவம், நாளைக்குக் கதைக்கிறன் எண்டு சொல்லு. நாளைக்குக் கதை. அவ்வளவுதான்," என்றாள். மக்டலீன் அந்த வசனத்தைக் குளிர் அறையில், பட்டர் வைத்தபடி, வாய்க்குள் சொல்லிப் பழகினாள். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரி அவள் செபமாலை சொல்கிறாள் என்று நினைத்துத் தானும் சேர்ந்து சொன்னாள்.

முதல் தடவை அதைப் பயன்படுத்தியது 1996 தையில். றஜிதா கணக்குப் பரீட்சையில் தவறியிருந்தாள். மக்டலீன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இப்பக் கோவம். நாளைக்குக் கதைக்கிறன்," என்று ஒப்புவித்தாள். றஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மக்டலீனுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. ஆனாலும் மறுநாள் கதைத்தாள்.

றஜிதா உடனே மன்னித்தாள் என்றில்லை. இரண்டு வருடம் அவள் தாயைச் சோதித்துக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்று பிந்தி வந்தாள், தலைமயிரைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், பூசைக்கு வர மாட்டேன் என்றாள். 1997இல் ஒரு தடவை மக்டலீன் பழையபடி விழுந்தாள். ஆறு நாள். ஆறாம் நாள் றஜிதா குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, இண்டைக்கு ஆறு," என்றாள்.

"தெரியும்," என்றாள் மக்டலீன்.

"சரி, சும்மா சொன்னனான்."

அந்த வருடமே றஜிதா தன்னைப் பற்றியும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடச் சிநேகிதி துர்க்காவோடு ஒரு சின்ன விசயத்துக்காக இரண்டு கிழமையாக அவள் பேசவில்லை. ஒரே பஸ்ஸில் வந்தும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதைத் தாயிடம் சொன்னாள். "ஐ டோன்ட் ஈவன் ரிமெம்பர் ஏன் கோவம் எண்டு. எப்பிடி ஸ்டார்ட் பண்ணுறதெண்டு தெரியேல்லை."

மக்டலீன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்கும் வடிவாத் தெரியாது," என்றாள். "சின்ன விசயமா ஒண்டைச் சொல்லு. பஸ் பிந்துது எண்டு சொல்லு."

றஜிதா அப்படியே சொன்னாளா என்பது தெரியாது. துர்க்கா அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து ரோல்ஸ் சாப்பிட்டாள்.

அமிர்தநாதர் தன் கடைசி இரண்டு வருடங்களில் அளவுக்கு மிஞ்சிப் பேசும் மனிதராக மாறியிருந்தார். றெமிஜியஸைப் பற்றி அவரிடம் மூன்று கதைகள் இருந்தன: நாலு வயதில் பூசை நடுவே பாடியது, ஆமைக்குஞ்சைக் கந்தோருக்குக் கொண்டுவந்தது, சைக்கிளோடு கிணற்றடியில் விழுந்தது. மூன்றும் அவன் குருமடத்துக்குப் போவதற்கு முந்தியவை. பிறகு நடந்தவை எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தப் பதினொரு வருடத்தில் மகன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல அவரிடம் ஒரு கதையும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த மூன்றையும் சொன்னார். றஜிதாவுக்கு அலுத்துப்போயிற்று. ஆமைக்குஞ்சு என்று தொடங்கியதும் எழும்பிப் போய்விடுவாள். மக்டலீன் இருந்து கேட்பாள். சில நேரம், "அதுக்குப் பிறகு அண்ணை லைப்ரரியிலை வேலை பாத்தவர் அப்பா, பின்னேரத்திலை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவர்," என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். அவர் அதைக் கவனமாகக் கேட்பார். மறுபடியும் கேட்பார்.

1998 பங்குனியில் நிமோனியா வந்து அமிர்தநாதர் ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி நாள்களில் அவர் விசேடமாக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்களைப் போடும்போது மக்டலீன் றெமிஜியஸின் பெயரை முதலில் போட்டாள்.

1999 ஆவணியில் றஜிதாவுக்கு ஒட்டாவாவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மக்டலீன் ரொறொன்ரோவிலேயே படிக்கலாம் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் இருவருடைய குரலும் கட்டடத்தின் நடைபாதைவரை கேட்டது. மக்டலீன் தமிழில் கத்தினாள். றஜிதா இரண்டு மொழியிலும் கத்தினாள். யார் யாரை விட்டுப் போகிறது, யார் யாருக்காக என்னவெல்லாம் செய்தது, 1995, நயாகரா, எல்லாம் வந்தது. மேல் மாடியில் ஒருவர் நிலத்தில் தட்டினார். கடைசியில் கட்டடப் பொறுப்பாளர் வந்து கதவைத் தட்டினார். அயலார் முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

அருள்நாயகம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒன்றும் பயப்பட வேண்டாம், மனைவியும் மகளும் கதைக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். பொறுப்பாளர் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உள்ளே மக்டலீன் இடுப்பில் கை வைத்தபடி, "அப்ப நீ கிழமைக்கு எத்தினை தரம் வருவாய்? அதைச் சொல்லு!" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் முதல் கிழமை அருள்நாயகம் றஜிதாவையும் இரண்டு சூட்கேசையும் ஏற்றிக்கொண்டு ஒட்டாவாவுக்குப் போனார். மக்டலீன் முன் இருக்கையில் இருந்தாள். பாதி வழிக்கு மேல், கிங்ஸ்ரன் வரைக்கும் அவளுக்குக் கோபம் தீரவில்லை. வழி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே போனாள்.